கிளம்பாத வலி

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

நான் போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. அண்ணன் எடுத்தால், "அவ கோவமா இருக்கா, அப்புறம் பேசு" என்று சொல்லி வைத்துவிடுகிறார். அந்த அப்புறம் வரவே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதென்றாலும் ஒரு தடவை படித்துவிட்டுக் கிழியுங்கள்.

போன மாதம் நான் அங்கே வந்திருந்தபோது பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறேன். நீங்கள் தையல் மேஜையில் பள்ளிச் சீருடைகளை அடுக்கிக்கொண்டிருந்தீர்கள். சிட்டு தான் வரைந்த யானையை எனக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். பேச்சுவாக்கில், நிமிர்த்தி வைத்திருந்த இஸ்திரிப் பெட்டியின் தகட்டில் இடது கையை ஊன்றிக்கொண்டாள். கருகல் நாற்றம் வந்த பிறகுதான் நான் திரும்பிப் பார்த்தேன். ஐந்து வயதுக் குழந்தை, அலறவில்லை. கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை. "அத்தை, கை ஒட்டிக்கிச்சு" என்றாள், மிட்டாய் ஒட்டிக்கொண்டதைச் சொல்வதுபோல.

அந்தக் கையையும் மற்றத் தழும்புகளையும் நான் போட்டோ எடுத்தது எனக்குத் தெரிந்த நரம்பு மருத்துவரிடம் காட்டத்தான். உங்களைக் கேட்டுவிட்டு எடுத்திருக்க வேண்டும், அது என் தப்பு. ஆனால் அண்ணனிடம் "டாக்டர்கிட்ட காட்டணும்" என்று நான் சொன்னது உங்கள் காதுக்கு வரும்போது "உன் பொண்டாட்டி பிள்ளையைச் சுடறா" என்று ஆகியிருக்கிறது. எங்கள் வீட்டில் ஒரு செய்தி சமையலறையைத் தாண்டுவதற்குள் அதற்குக் கை கால் முளைத்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

எனக்கு இரண்டே இரண்டு விஷயம் தெரிய வேண்டும். சிட்டுவுக்கு வியர்க்கிறதா? அவளுக்கு வாசனை தெரிகிறதா? இரண்டாவதைச் சும்மா வாயால் கேட்காதீர்கள், குழந்தைகள் நமக்குப் பிடித்த பதிலைச் சொல்லும். கண்ணைக் கட்டிவிட்டுச் சோதித்துப் பாருங்கள்.

சின்னவள்


மார்ச் 15

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

நீ போன பத்தாம் நாள் பள்ளிக்கூடத்தில் சிட்டுவின் கைக்கட்டை அவிழ்த்துப் பார்த்திருக்கிறார்கள். இஸ்திரிப் பெட்டியின் முனை அப்படியே அச்சுப்போல இருக்கிறதல்லவா, டீச்சர் பயந்துவிட்டாள். அடுத்த நாள் குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி என்னிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்க, இன்னொருத்தி சிட்டுவை உள்ளறைக்குக் கூட்டிப்போய்ச் சட்டையைக் கழற்றிப் பார்த்தாள். போகும்போது மாடி வீட்டுக்காரியிடம் நான் குடிப்பேனா என்று கேட்டிருக்கிறார்கள். உன் போட்டோ அவர்கள் கைக்குப் போகவில்லை என்று நான் எப்படி நம்புவது?

உன் அண்ணன் அச்சகத்தில் இயந்திரத்தோடு இருந்து இருந்து, வீட்டிலும் இயந்திரம் மாதிரிதான் நிற்கிறார். உன் அம்மா போனில் உறவு முழுக்கச் சொல்லியாயிற்று, கோளாறு எங்கள் வீட்டுப் பக்கத்திலிருந்து வந்ததாம். என் சித்தப்பா ஒருத்தர் சின்ன வயதில் கிணற்றில் விழுந்து செத்ததைக்கூடத் தோண்டி எடுத்துவிட்டார்.

பல் முளைத்தபோது இவள் தன் நாக்கைத் தானே கடித்து நுனியைத் துண்டாக்கிக்கொண்டாள். போன வருடம் கால் எலும்பு உடைந்து, வீங்கி, செருப்பு நுழையாமல் போன பிறகுதான் எனக்கே தெரிந்தது. அதுவரை அந்தக் காலோடு நொண்டி விளையாடிக்கொண்டிருந்தாள். எல்லோரிடமும் "என் பொண்ணு தைரியசாலி, ஊசி போட்டாக்கூட அழ மாட்டா" என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். வேறென்ன நினைப்பேன்?

நீ கேட்டதைச் செய்தேன். வியர்வை நன்றாகவே வருகிறது, வெயிலில் ஆடிவிட்டு வந்தால் சட்டையைப் பிழியலாம். துப்பட்டாவால் கண்ணைக் கட்டிவிட்டு அந்துருண்டை, காப்பித்தூள், நகச்சாயம் ஒவ்வொன்றாக மூக்கின் கீழே பிடித்தேன். மூன்றுக்கும் "தண்ணி" என்றாள். மறுபடி செய்தேன். விளையாட்டு பிடித்துப்போய், "இப்ப சோப்பு", "இப்ப பூ" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள். ஒன்றும் சரியில்லை.

ஐந்து வருடம் என் மடியிலேயே கிடந்த பிள்ளை. மூக்கு வேலை செய்யவில்லை என்று எனக்குத் தெரியவில்லை.

என்ன அர்த்தம்? சுற்றி வளைக்காமல் எழுது.


மார்ச் 22

அன்புள்ள அண்ணிக்கு,

போட்டோக்கள் என்னிடமும் அந்த மருத்துவரிடமும் மட்டுமே இருக்கின்றன. அலுவலகத்துக்கு நான் எதுவும் அனுப்பவில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

சுற்றி வளைக்காமல் சொன்னால், சிட்டுவின் நரம்புகளில் வலிக்கான சைகை கிளம்புவதே இல்லை என்று சந்தேகிக்கிறேன். அவளும் பொய் சொல்லவில்லை, நீங்களும் ஒன்றும் செய்யவில்லை.

ஆய்வகத்தில் ஒவ்வொரு நாளும் நான் செய்கிற வேலை இது. முடியைவிட மெல்லிய கண்ணாடிக் குழாயின் நுனியை ஒரு நரம்பு செல்லின் மேல் ஒட்டவைத்து, அதன் மின்சாரம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பேன். லிப்ட் ஏறி இறங்கினால்கூட நுனி விலகிவிடும். செல்லுக்கு வெளியே சோடியம் அதிகம், நாம் சாப்பிடும் உப்பில் இருக்கும் அதே சோடியம்தான். உள்ளே பொட்டாசியம் அதிகம். சும்மா இருக்கும்போது செல்லின் உட்புறம் வெளியைவிடக் கொஞ்சம் எதிர்மின்னாக இருக்கும். அதன் தோல் முழுக்க நுண்ணிய கதவுகள். விரலில் சூடு பட்டால் நரம்பின் நுனியில் இந்த மின்சாரம் லேசாக மாறும். அந்த மாற்றம் ஓர் அளவைத் தாண்டினால் சோடியக் கதவுகள் படபடவென்று திறக்கும். சோடியம் உள்ளே பாயும். எதிர்மின் நேர்மின்னாகப் புரளும். எல்லாம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம். பிறகு அவை மூடிக்கொள்ள, பொட்டாசியம் வெளியே போய்ப் பழைய நிலை திரும்பும். ஆனால் அதற்குள் பக்கத்துக் கதவுகளுக்கு விஷயம் போய்ச் சேர்ந்திருக்கும். அவை திறக்கும், அதற்கடுத்தவை திறக்கும், இப்படியே விரலிலிருந்து முதுகுத்தண்டுவரை போகும். அங்கே நரம்பின் முனையிலிருந்து ஒரு ரசாயனம் சிந்தி அடுத்த நரம்பைக் கிளப்பிவிடும். அப்புறம் மூளை. அதன் பிறகுதான் நமக்கு 'ஐயோ'.

முக்கியமானது என்னவென்றால், அந்த அளவைத் தாண்டாவிட்டால் ஒன்றுமே கிளம்பாது. பாதிச் சைகை என்று ஒன்று கிடையாது.

வலி நரம்புகளில் ஒரு தனி வகைச் சோடியக் கதவு இருக்கிறது. சின்ன மாற்றத்தைப் பெரிதாக்கி, அளவைத் தாண்ட வைப்பது அது. பிறவியிலேயே அந்தக் கதவு திறக்காதவர்கள் உலகத்தில் மிகச் சிலர் உண்டு. மூக்கின் வாசனை நரம்புகளுக்கும் அதே கதவு வேண்டும், அதனால்தான் வாசனையைக் கேட்டேன். வலி தெரியாத இன்னொரு நோயில் வியர்வையும் வராது. சிட்டுவுக்கு அது இல்லை.

ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இங்கே அழைத்து வாருங்கள். மருத்துவர் எழுதிக் கொடுப்பதை அலுவலகத்தில் காட்டலாம்.

சின்னவள்


ஏப்ரல் 2

சின்னவளுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உன் அண்ணனும் படித்தார். "உடம்புக்குள்ள கரண்ட் இருந்தா ஷாக் அடிக்காதா?" என்று கேட்டார். கல்யாணம் ஆனதிலிருந்து இவர் கேட்ட உருப்படியான கேள்வி அதுதான். பதில் எழுது.

எனக்கும் ஒன்று இடிக்கிறது. தொட்டால் அவளுக்குத் தெரிகிறது. குளிக்கிற தண்ணீர் சூடு, ஜில் என்று சொல்கிறாள். கிச்சுகிச்சு மூட்டினால் தரையில் புரளுகிறாள். நரம்பு கெட்டுப் போயிருந்தால் இதெல்லாம் எப்படி? இதற்கு நீ சரியான பதில் சொல்லாவிட்டால், மற்றதும் கேட்க நன்றாக இருக்கிற கதைதான்.

இருந்தாலும் வருகிறோம். அலுவலகத்தில் விசாரணைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதுவரை இவளைக் காப்பகத்தில் விட முடியுமா என்று, அன்று வந்த இரண்டு பேரில் ஒல்லியான பெண் கேட்டாள். கேட்கும்போது குரல் எவ்வளவு மெதுவாக இருந்தது தெரியுமா, ஏதோ குடை இரவல் கேட்பதுபோல. நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னேன். கையில் வைத்துக்கொண்டு பேசினால் அதையும் எழுதிக்கொள்வார்கள்.

"என் பிள்ளை எங்கயும் போகாது. டாக்டர் என்ன சொல்றார்னு கேட்டுட்டு வாங்க" என்றேன். டாக்டர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நீதான் சொல்லியிருக்கிறாய். அதை நம்பித்தான் அப்படிச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை பஸ். நிலையத்துக்கு வந்துவிடு. உன் வீட்டில் தங்க மாட்டோம், மருத்துவமனைப் பக்கம் ஏதாவது அறை பார்.

அண்ணி


ஜூன் 11

அன்புள்ள அண்ணிக்கு,

அறை பார்க்கச் சொல்லிவிட்டுக் கடைசியில் என் வீட்டிலேயே நான்கு நாள் இருந்தீர்கள். போன பிறகு வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. என் திரைச்சீலையின் ஓரத்தை யாரும் கேட்காமலே மடித்துத் தைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். நேற்றுத்தான் கவனித்தேன்.

முடிவு வந்துவிட்டது. நினைத்தது சரி. அந்தக் கதவைச் செய்வதற்கான குறிப்பு நம் எல்லோருக்கும் இரண்டு பிரதி இருக்கும், அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒன்று சரியாக இருந்தாலே போதும், கதவு வேலை செய்யும். சிட்டுவுக்கு இரண்டிலும் பிழை. ஒன்று உங்களிடமிருந்து வந்தது, இன்னொன்று அண்ணனிடமிருந்து. என் ரத்தத்தையும் பார்த்தேன், எனக்கும் அண்ணனுடைய அதே பிழை ஒரு பிரதியில் இருக்கிறது. அம்மாவுக்குப் போன் செய்து, "ரெண்டு பக்கமும்தான், நம்ம வீட்டுப் பக்கமும் இருக்கு, எனக்கும் இருக்கு" என்று சொன்னேன். மழை வருகிறது, துணி எடுக்க வேண்டும் என்று வைத்துவிட்டார்.

தொடுவது எப்படித் தெரிகிறது என்று பஸ் நிலையத்திலும் மறுபடி கேட்டீர்கள், சிட்டு ஓடிவிட்டாள், பேச்சு அறுந்துபோனது. தொடுகைக்கும் கிச்சுகிச்சுவுக்கும் வேறு நரம்புகள். அவற்றுக்கு வேறு வகைச் சோடியக் கதவுகள், அவை சிட்டுவுக்கு நன்றாகவே இருக்கின்றன. இளஞ்சூடு, ஜில் எல்லாம் தெரியும். சூடு எங்கே ஆபத்தாக மாறுகிறதோ அது மட்டும் தெரியாது. அண்ணனிடம் சொல்லுங்கள், ஒரு நரம்பில் புரளும் மின்சாரம் டார்ச் பேட்டரியில் பதினைந்தில் ஒரு பங்குகூட வராது, ஷாக் அடிக்காது.

நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தபடி, சிட்டுவின் பிழையோடு கூடிய கதவை ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களில் வைத்துப் பார்த்தோம். சரியான கதவு உள்ள செல்லைத் தூண்டினால் திரையில் கோடு சட்டென்று பள்ளமாக இறங்கி மேலே வரும், சோடியம் உள்ளே பாய்கிறது என்று அர்த்தம். சிட்டுவின் கதவு உள்ள செல்லைத் தூண்டினேன். கோடு அசையவில்லை. தூண்டலைக் கூட்டினேன். செல்லை மாற்றி மாற்றிப் பார்த்தேன். நேர்கோடு. இது நான் எதிர்பார்த்ததுதான். இருந்தும் அந்த நாற்காலியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேஜைக்காரர் கருவி பழுதா என்று கேட்டார். இல்லை, என் அண்ணன் மகள் என்றேன்.

மருத்துவர் அறிக்கையை அலுவலகத்துக்கு நேரடியாக அனுப்பிவிட்டார். இனி தினமும் குளிக்க வைக்கும்போது தலை முதல் கால்வரை பாருங்கள். வாய்க்குள்ளும் பாருங்கள். வயிறு வலித்தாலும் அவள் சொல்ல மாட்டாள், காய்ச்சலும் வாந்தியும்தான் சொல்லும். கவனம்.

சின்னவள்


ஜூலை 9

அன்புள்ள சின்னவளுக்கு,

விசாரணை முடிந்தது. அந்த ஒல்லியான பெண்ணே வந்து கோப்பை மூடிவிட்டதாகச் சொன்னாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. டீ குடித்தாள், கிளம்பும்போது தன் பாவாடை இடுப்பு லூசாகிவிட்டது, பிடித்துத் தர முடியுமா என்றாள். பிடித்துக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

எல்லோரும் இப்போது நிம்மதிதானே என்கிறார்கள். நிம்மதிதான். ஆனால் நீ தப்பாக எடுத்துக்கொள்ளாதே, முன்பு என்னிடம் தைரியமான ஒரு பெண் இருந்தாள். நீங்கள் எல்லோருமாகச் சேர்ந்து அவளை எடுத்துக்கொண்டு ஒரு நோயாளியைக் கொடுத்துவிட்டீர்கள். இரண்டும் ஒரே பிள்ளைதான், எனக்குத் தெரியும்.

அவளுக்குச் சட்டம் போட்டிருக்கிறேன். சிவப்பாக எதைப் பார்த்தாலும் அம்மாவிடம் சொல்ல வேண்டும். எங்கேயாவது வீங்கினால் சொல்ல வேண்டும். கால் கோணலாகத் தெரிந்தால் சொல்ல வேண்டும். போன வாரம் தக்காளியைக் காட்டி, "அம்மா, சிவப்பு" என்றாள். திட்டலாமா சிரிக்கலாமா என்று தெரியவில்லை. பள்ளியில் மற்றப் பிள்ளைகள் விழுந்தால் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து வைத்துக்கொள்கிறாள். வீட்டுக்கு வந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு "ஆ, ஆ" என்று நடித்துக் காட்டுகிறாள். நன்றாகவே செய்கிறாள். முகம்தான் சிரிக்கிறது.

இன்னொரு விஷயம். எனக்கு மூன்றாம் மாதம். உன் அண்ணனைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. இதற்கும் அப்படி இருக்குமா?

அண்ணி


ஜூலை 20

அன்புள்ள அண்ணிக்கு,

சந்தோஷம். முதலில் அதைத்தான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. சிட்டு பிறந்துவிட்டாள், இனி வராது என்று கணக்குப் போடக் கூடாது, ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த நாலில் ஒன்று புதிதாகத் தொடங்கும். வயிற்றில் இருக்கும்போதே சோதிக்க முடியும். இப்போது செய்தால் நேரம் இருக்கிறது, தள்ளிப்போட்டால் முடிவெடுப்பது கஷ்டமாகிவிடும். மருத்துவரிடம் பேசிவிட்டேன். நீங்கள் சரி என்றால் அடுத்த வாரமே ஏற்பாடு செய்கிறேன். உடனே பதில் போடுங்கள்.

சின்னவள்


ஜூலை 27

சின்னவளுக்கு,

முடிவெடுப்பது கஷ்டமாகிவிடும் என்று எழுதியிருக்கிறாய். என்ன முடிவு? அதை மட்டும் எழுதவில்லை. உன் அண்ணனிடம் படித்துக் காட்டினேன், அவரும் அந்த இடத்தில்தான் நிறுத்தச் சொன்னார்.

சிட்டு பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான்களை நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். "அத்தை என்னம்மா எழுதிருக்காங்க?" என்று கேட்டாள். இவளைப் போல இன்னொன்று வந்துவிடக் கூடாதே என்று எழுதியிருக்கிறார்கள் என்றா சொல்வேன்? "உன்னைக் கேட்டாங்க" என்று சொன்னேன்.

சோதனை வேண்டாம். இருந்தால் இன்னொன்றையும் பார்த்துக்கொள்வேன். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று இப்போது எனக்குத் தெரியும், போன தடவை தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

மருத்துவரிடம் என்னைக் கேட்காமல் பேசினாய். போட்டோவும் என்னைக் கேட்காமல்தான் எடுத்தாய்.

அண்ணி


ஆகஸ்ட் 18

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்துக்கு இதற்கு முன் எழுதிய பதில்களை அனுப்பவில்லை. எல்லாவற்றிலும் நான் சொல்வதுதான் சரி என்று இருந்தது.

முன்னாலேயே தெரிந்தால், பல் முளைப்பதற்கு முன்பே நாக்கைக் காப்பாற்றத் தயாராகலாம் என்று நினைத்தேன். அது உண்மை. அது மட்டுமே என் மனதில் இருந்ததா என்று கேட்டால், இல்லை. 'என்ன முடிவு' என்று கேட்டீர்கள். கதவு திறக்கிறதா இல்லையா என்று என்னால் பார்த்துச் சொல்ல முடியும். அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியாது. சிட்டு இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை, இதையும் எழுதத்தான் வேண்டும்.

இனி கேட்காமல் எதுவும் செய்ய மாட்டேன். அதனால் கேட்கிறேன், பிரசவ நேரத்தில் வரலாமா? வீட்டு வேலை செய்வேன். சமையல் சுமாராகத்தான் வரும், அண்ணனுக்கு அது பழக்கம்தான்.

சின்னவள்


ஆகஸ்ட் 25

வா. ஜனவரியில். தலையணை உறை உன்னுடையதைக் கொண்டுவா, போன தடவை என்னுடையதைப் பார்த்து மூஞ்சியைச் சுளித்தாய்.

அண்ணி


ஜனவரி 19

அன்புள்ள சின்னவளுக்கு,

நீ வர ஒரு வாரம் இருக்கும்போதே அவசரக்காரன் வந்துவிட்டான். பையன். குறுக்கே கிடந்ததால் வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். உன் அண்ணன் போனில் உனக்கு என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது, "பொறந்துடுச்சு" என்று மட்டும் சொல்லியிருப்பார். அதனால் மருத்துவமனைக் கட்டிலிலிருந்தே எழுதுகிறேன்.

பிறந்ததும் அழுதான். அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை, சிட்டுவும்தான் பிறந்ததும் ஊரைக் கூட்டினாள். அது மூச்சுக்காக என்று நீதான் சொல்லியிருக்கிறாய். அன்றைக்கு முழுதும் அவன் கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, கிள்ளிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. உன் அண்ணனும் கிள்ளவில்லை. கிள்ளவா என்று நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

இன்று காலை தடுப்பூசி போட நர்ஸ் வந்தார். சிட்டுவும் அப்பாவோடு வந்திருந்தாள், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். நர்ஸ் பஞ்சால் துடைத்தார், ஊசியை வைத்தார். ஒரு கணம் ஒன்றும் இல்லை. பிறகு அவன் முகம் அப்படியே சுருங்கியது, உடம்பு முழுக்கச் சிவந்தது, வாயைத் திறந்தான் பார், அந்த வார்டு முழுக்கக் கேட்டிருக்கும். காலை உதறினான். கையை இழுத்துக்கொண்டான். உன் கதவு திறந்துவிட்டது. நீ ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொள், எனக்கு வேண்டாம்.

நர்ஸ் என்னைப் பார்த்து, "என்னம்மா, பிள்ளை அழுது, நீங்க சிரிக்கிறீங்க?" என்று கேட்டார். உன் அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சிட்டு மட்டும் சிரிக்கவில்லை. அவன் முகத்தையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்:

"இவனுக்கு அழறதுக்கு யாரும்மா சொல்லிக் கொடுத்தது?"

"யாரும் இல்லடி. அவனுக்கே தெரியுது."

யோசித்தாள்.

"அப்ப இவனை நீ பாக்க வேணாம்மா. என்னைப் பாத்தா போதும்."

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கட்டிலில் ஏறி என் மடியில் உட்கார்ந்துகொண்டாள். தையல் போட்ட இடம் உயிர் போகிற மாதிரி வலித்தது. அவளை இறக்கிவிடவில்லை. இன்னும் மடியில்தான் இருக்கிறாள், அவள் முதுகில் காகிதத்தை வைத்துத்தான் எழுதுகிறேன்.

அண்ணி